சுழியும் வெற்றிடமும்



கன்னியாகுமரியில் ஒரு தங்கும் விடுதியில் பத்தொன்பது ஆண்டுகள் நான் கணக்கெழுதினேன். என் அறைச் சன்னலிலிருந்து கடல் தெரியாது. சமையற்கட்டின் புகைபோக்கிதான் தெரியும். ஆயினும் கடலின் போக்கு எனக்குத் தெரியாமற் போனதில்லை. காற்று மிகுந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு செல்லாத நாளில், வந்தவர்களிற் சிலர் நாளை பார்க்கலாம் என்று இன்னும் ஓர் இரவு தங்குவார்கள். வேறு சிலர் சலித்துப்போய் நண்பகலிலேயே நாகர்கோவிலுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். எவ்வாறாயினும் அது என் பேரேட்டில் வந்து விழும். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குச் சென்று மீளும் பக்தர்கள். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறைக் குடும்பங்கள். ஆடியில் ஆளில்லாத அறைகள். ஓராண்டின் பருவங்களை வரவுப் பத்தியைக் கொண்டே சொல்லிவிடுவேன். எண்களை எனக்குப் படிக்கத் தெரியும் என்ற செருக்கு என்னிடம் இருந்தது. அச்செருக்கு எவ்வாறு உடைந்தது, உடைந்தபின் நான் எதைக் கற்றேன் என்பதையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 24-ஆம் நாள் மாலை ஆறு மணி முதல் தமிழ்நாட்டில் தடையாணை. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. படகுகள் நின்றன. முக்கடல் கூடும் இடத்தில் கதிரவன் எழுவதையும் விழுவதையும் பார்க்க ஒருவரும் இல்லை. நான் பேரேட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். நாள்தோறும் தேதியிட்டு, அதன் எதிரே ‘வரவு இல்லை’ என்று எழுதி வந்தேன். அதற்கு என்ன பொருள் என்று என் மனைவி கேட்டாள். கணக்கில் நாள் விடுபடலாகாது என்று விடை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சூன் மாதத்தில் விடுதி உரிமையாளர் என்னை அழைத்து, பாதிச் சம்பளமும் இனித் தர இயலாது என்று தெரிவித்தார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை; அவருடைய வரவு இன்னதென்று அவரினும் நன்றாக அறிந்தவன் நான்தானே! அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள்.

வேலையற்ற கணக்கன் சும்மா இருக்கமாட்டான். மாலைதோறும் அரசு வெளியிட்ட நோய் அறிக்கையை எடுத்து, மாவட்டத்தில் இன்று இத்தனை பேருக்கு நோய், நேற்று இத்தனை பேருக்கு என்று பழைய ஏடொன்றின் பின்பக்கத்தில் குறித்துவந்தேன். தெருவில் அதனால் எனக்கு ஒரு மதிப்பும் உண்டாயிற்று. முகக்கவசம் அணிந்த தலைகள் மதிலுக்கு மேலே தோன்றி, “இன்றைக்கு எப்படி?” என்று கேட்கும். நானும் ஒரு மருத்துவர் போல விடை சொல்வேன்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரு பண்டிகை விடுமுறையை ஒட்டி மூன்று நாட்கள் தொடர்ந்து எண் இறங்கியது. சுசீந்திரத்திலிருந்து என் சித்தி தொலைபேசியில் அழைத்தார். வயது எழுபத்திரண்டு. வடசேரியில் உறவினர் வீட்டில் நிச்சயதார்த்தம். போகலாமா, கூடாதா என்பது கேள்வி. நான் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நோய் இறங்குமுகத்தில் இருக்கிறது, போய் வாருங்கள் என்றேன். “மக்களே, நீ கணக்குப் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் சித்தி.

ஒன்பதாம் நாள் அவரை ஆசாரிப்பள்ளத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பதினெட்டு நாட்கள் அங்கே இருந்தார். அவற்றில் ஆறு நாட்கள் பிராணவாயுவின் துணையோடு. பிழைத்து வந்தார். அந்த வீட்டிலேதான் அவருக்கு நோய் தொற்றியது என்று நிறுவ இன்றுவரை என்னிடம் சான்றில்லை. பால்காரரிடமிருந்து வந்திருக்கலாம்; மருந்துக் கடையில் வந்திருக்கலாம். ஆனால் போகலாம் என்று சொன்ன வாய் என்னுடையது. அந்தப் பதினெட்டு இரவுகளில் நான் அவ்வேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண்ணிக்கையை நான் தவறாக எழுதவில்லை, கூட்டலிலும் பிழையில்லை. பின் எங்கே தவறினேன்?

உங்களுக்கு விளங்கும்பொருட்டு முழு எண்களாகச் சொல்கிறேன். இவை எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தவை. ஒரு நாள் ஆயிரம் பேரைச் சோதிக்கிறார்கள்; நூறு பேருக்கு நோய். பின்னொரு நாள் நானூறு பேரைச் சோதிக்கிறார்கள். அறுபது பேருக்கு நோய். நூறு அறுபதாயிற்று, நோய் குறைந்தது என்று நான் மகிழ்ந்திருப்பேன். உண்மையில் நூற்றுக்குப் பத்து என்றிருந்தது நூற்றுக்குப் பதினைந்தாக ஏறியிருக்கிறது. பண்டிகை நாட்களில் சோதனைக்குச் செல்வோர் குறைவு. நான் எழுதியது நோயாளிகளின் தொகையை. எழுதாமல் விட்டது சோதிக்கப்பட்டவர்களின் தொகையை. அதுவும் மாநில அறிக்கையில் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருந்தது. தேவையில்லை என்று நான் விட்டுவிட்டேன். பத்தொன்பது ஆண்டு வரவுப் பத்தி எழுதியவனுக்கு, நிரம்பிய அறை எத்தனை என்று கேட்குமுன் மொத்த அறை எத்தனை என்று கேட்கவேண்டும் என்பது தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

இதே கேள்வியைப் பிற்காலத்தில் உலகமே கேட்டது. 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் கொரோனாவால் நேர்ந்தவை என்று நாடுகள் அறிவித்த மரணங்கள் ஏறத்தாழ 54 இலட்சம். அவ்வாண்டுகளில் வழக்கத்திற்கு மேல் எத்தனை பேர் இறந்தனர் என்று கணித்து, 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம். அந்தக் கணிப்பு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. அறிஞரிடையேயும் விவாதம் நடந்தது. விவாதம் முழுவதும் கூட்டல் கழித்தலைப் பற்றியதன்று. எவை எண்ணப்பட்டன, எவை எண்ணப்படவில்லை என்பதைப் பற்றியது.

சித்தி வீடு திரும்பிய வாரத்தில், தரவு ஆய்வு என்னும் தொழிலை முறையாகக் கற்பது என்று முடிவு செய்தேன். பிழைப்புக்கு வழி வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

முதலில் ஏமாந்தேன். ‘ஆறே மாதத்தில் தரவு அறிவியலாளர், வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிலையத்தில், மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினேன். அவர்கள் அனுப்பிய பாடங்களில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் படம் வரும் என்பது இருந்தது. ஏன் வருகிறது என்பது இல்லை. மூன்றாம் மாதம் அவர்களுடைய தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அத்தகைய விளம்பரங்கள் இன்றும் உங்கள் கைப்பேசிக்கு வருகின்றன என்பதை அறிவேன். வேலை உறுதி என்பவரிடம், சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது எண்ணை மட்டும் சொல்வார்கள்.

பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி.யின் படிப்பைப் பற்றி மகள் சொன்னாள். 2020 சூன் 30-ஆம் நாள் அந்நிறுவனம், நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழியாகப் பயிலும் ஒரு பட்டப்படிப்பை அறிவித்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும்; பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்கவேண்டும். வயது வரம்பில்லை. பெயர்பெற்ற அந்தக் கூட்டு நுழைவுத் தேர்வும் எழுதவேண்டியதில்லை. அதற்குப் பதிலாக நான்கு வாரப் பாடங்களை அவர்களே நடத்தி, பயிற்சிகள் கொடுத்து, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைப்பார்கள். கற்பித்த பின் சோதிக்கும் இம்முறை எனக்கு நேர்மையானதாகப் பட்டது. முழுப் பட்டம் வரை செல்ல இயலாதவர்கள் அடிப்படை நிலையோடும் பட்டய நிலையோடும் நின்று, அதற்குரிய சான்றிதழைப் பெறலாம் என்பதும் என் போன்றவனுக்கு ஆறுதல்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல கைப்பேசி. பகலில் அது மகளின் வகுப்பறை. அலைவரிசை வலுவாகக் கிடைக்கும் இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அவள் அங்கே குடை பிடித்து அமர்ந்து வேதியியல் கேட்பாள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசி என் கைக்கு மாறும். ஒரு மணி வரை நான் படிப்பேன். மழைக்காலத்தில் இருவருக்கும் வகுப்பில்லை.

எனக்கு முதலில் பிடித்துப்போனது ‘கணிப்பியச் சிந்தனை’ என்ற பாடம். சென்னைக் கணிதவியல் கழகத்து மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் நடத்தினார்கள். கணிப்பொறியைத் தொடுவதற்கு முன் ஒரு கட்டுச் சீட்டுகளைக் கையில் எடுத்தார்கள். ஒரு கட்டில் மாணவர்களின் மதிப்பெண்கள். ஒரு கட்டில் ஒரு பத்தியின் சொற்கள், சீட்டுக்கு ஒன்றாக. மூன்றாம் கட்டில் கடைப் பற்றுச்சீட்டுகள். பற்றுச்சீட்டு! இருபது ஆண்டு என் விரல்களிடையே புரண்ட பொருள். சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒரே ஒரு முறை புரட்டவேண்டும். மனத்தில் ஓரிரு எண்களையே வைத்துக்கொள்ளலாம். முடிவில், மிகுதியான தொகை எது என்று சொல்லவேண்டும். கட்டளைகளை எவ்வாறு வரிசைப்படுத்துவாய்? நிரலாக்கம் என்பதன் உயிர்நிலை இவ்வளவே என்பதை அந்தச் சீட்டுகளில் கண்டேன். பைத்தான் முதலிய கணிப்பொறி மொழிகள் பின்னர் வந்தன. அவற்றின் இலக்கணம் கடினந்தான், ஆயினும் அச்சுறுத்தவில்லை.

என்னை வீழ்த்தியது கணிதம். முதல் தகுதித் தேர்வில் அதில் தேறவில்லை. நேர்கோட்டின் சமன்பாடு, சாய்வு, வெட்டுத்துண்டு என்றெல்லாம் வந்தால் கண் இருட்டிற்று. ஒருநாள் மகள் தன் பாடத்தை முடித்துவிட்டு என் எதிரே அமர்ந்தாள். “அப்பா, ஓர் அறைக்கு வாடகை எவ்வளவு? அறை ஒன்று கூடினால் வரவு எவ்வளவு கூடும்? அதுதான் சாய்வு. அறை ஒன்றுகூட நிரம்பாத நாளிலும் காவற்காரருக்கும் மின்சாரத்துக்கும் கொடுத்தீர்களே, அந்தச் செலவுதான் கோடு தொடங்கும் இடம்” என்றாள். பத்தொன்பது ஆண்டுகளாக நான் ஒரு நேர்கோட்டின் மீது அமர்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. மறுமுறை எழுதித் தேறினேன். 2021 சூன் மாதத்தில், நோய்ப் பரவல் காரணமாகத் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. ஆகவே எங்கள் வீட்டில் அவ்வாண்டு தேர்வெழுதியவன் நான் ஒருவனே.

அதற்கு முந்தைய மாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மே 21-ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. இப்போது நான் அந்த எண்ணை மட்டும் எழுதவில்லை. சோதனைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதினேன். ‘கோவிட்19இந்தியா’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் சிலர், 2020 மார்ச் முதல் ஒவ்வொரு மாநிலத்தின் அறிக்கையையும் தேடி எடுத்து ஒரே அட்டவணையாக்கி, எவரும் பார்க்கும்படி வைத்தார்கள். 2021 அக்டோபர் 31-உடன் பணியை முடித்துக்கொண்டார்கள். கூலியின்றி நடந்த வேலை அது. இரவு ஒரு மணிக்கு அவர்களுடைய அட்டவணையில் ஒரு பிழை திருத்தப்பட்டிருப்பதைக் காணும்போது, எங்கோ இன்னொரு கணக்கனும் உறங்காமல் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

இனி என் பாட்டனாரின் நெற்கணக்குக்கு வருகிறேன். பயிற்சிக்காகச் சொந்தமாக ஏதேனும் ஒரு தரவுத் தொகுதியை எடுத்து ஆராயலாம் என்று எண்ணினேன். பிறர் பங்குச் சந்தையையும் கிரிக்கெட்டையும் எடுத்தார்கள். என்னிடம் இருந்தது தாய்வழிப் பாட்டனாரின் ஏடு: கொல்லம் 1130 முதல் 1140 வரை வயலில் விளைந்த நெல். நாஞ்சில் நாட்டுக் கணக்கேடு உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் கிடைத்த பழைய ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆர்வத்தோடு ஆராய்ந்ததும், நிலமும் வரியும் வழக்கும் அவற்றில் எழுதப்பட்டிருந்தமையால்தான். தரவு என்பது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கன்று. அதைக் கணிப்பொறி படிக்கும்படி எழுதுவதே புதிது.

ஏட்டைக் கணிப்பொறியில் ஏற்றினேன். அது திகைத்தது. 1132 என்று எழுதினால், சோழர் காலத்து வயல் என்று கொண்டது. எக்ஸெல் என்னும் அட்டவணைச் செயலியோ 1900-க்கு முந்தைய நாளைத் தேதியாகவே ஏற்பதில்லை. வெறும் எழுத்தாகக் கருதிவிடும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழியின் நடுப்பகுதி வரை 824-ஐக் கூட்டவேண்டும், அதன்பின் 825-ஐ. அப்படியானால் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1-ஆம் நாள், கொல்லம் 1132 ஐப்பசி. இதைக் கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்து விளைச்சல் பருவம். பாட்டனார் மாதத்தை எழுதவில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று மட்டும் எழுதியிருந்தார். முன்னது புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது, பின்னது மாசியை ஒட்டி. நிலத்தின் அளவு ‘கோட்டை விதைப்பாடு’, அதாவது அத்தனை கோட்டை நெல் விதைக்கத்தக்க பரப்பு. விளைந்ததும் கோட்டைக் கணக்கே. ஒரே சொல் ஓரிடத்தில் பரப்பு, ஓரிடத்தில் நெல். இதையும் பிரித்துக் கொடுத்தேன். பெங்களூரிலிருந்த ஓர் இளம் வகுப்புத் தோழர், என்னினும் பத்து மடங்கு விரைவாக நிரல் எழுதக்கூடியவர், இந்த ஏட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். அன்று எனக்குச் சிறிது நிமிர்வு உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

எல்லாம் முடிந்தபின் ஓரிடம் மட்டும் வெறுமையாக நின்றது. கொல்லம் 1137, கும்பப்பூ. எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. கணிப்பொறி கேட்கிறது: இங்கே சுழியா, வெற்றிடமா? சுழி என்றால் விளைச்சல் பொய்த்தது என்று பொருள். பதினோராண்டுச் சராசரியே சரியும். வெற்றிடம் என்றால் தெரியவில்லை என்று பொருள். அந்த வரியை விலக்கிச் சராசரி காணவேண்டும். அவசரக்காரர் பலர் வெற்றிடத்தைச் சுழியால் நிரப்பிவிடுவார்கள், அட்டவணை அழகாகிவிடும்.

சுசீந்திரத்துக்குப் போனேன். நோய்க்குப் பின் சித்தி மெலிந்திருந்தார். படியேறினால் மூச்சு வாங்கிற்று. ஏட்டை மடியில் வைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார். “அந்தப் பூவில அப்பா காய்ச்சலாக் கெடந்தா. நெல்லு வந்துது மக்களே. களத்துல நான்தான் காவல் இருந்தேன். எழுதத்தான் ஆளில்ல. பொட்டப்புள்ள எழுதப்பிடாதுன்னு ஆச்சி சொல்லிட்டா” என்றார். 1962-ஆம் ஆண்டின் மாசி மாதம். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. எத்தனை கோட்டை என்று நினைவிருக்கிறதா என்றேன். அளந்தவர்கள் பாடிக்கொண்டே அளந்தது நினைவிருக்கிறது, எண் நினைவில்லை என்றார். ஆகவே அது வெற்றிடமாகவே நிற்கிறது. பக்கத்தில் காரணத்தை எழுதி வைத்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் போகச் சொன்னதைப் பற்றி அன்று நான் பேச்செடுத்தேன். “கூட்டம் பாக்க ஆசைப்பட்டது நான்தானே” என்று சொல்லி, காப்பி போடப் போய்விட்டார்.

பட்டய நிலையைக் கடந்தபின் நாகர்கோவிலில் ஒரு சிறு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மருந்துக் கடைகளின் சரக்குப் பட்டியல்களைத் தூய்மைப்படுத்தி ஒழுங்காக்கும் வேலை. ஒரே மாத்திரையின் பெயர் பத்துக் கடைகளில் பதினான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும்! முதலாண்டுச் சம்பளம் விடுதியில் வாங்கியதைவிடக் குறைவு. சங்கிலியை மீட்க இரண்டாண்டாயிற்று. 2022-இன் இறுதியிலிருந்து, கேட்ட கேள்விக்கு விடை எழுதும் பொறிகள் வந்துவிட்டன. எழுத்துப் பிழைகளைத் திருத்தும் வேலையில் பெரும்பங்கை இப்போது அவை செய்கின்றன. நிரல்கூட எழுதித் தருகின்றன. இத்தொழிலுக்கு வர விரும்புவோர் இதை அறிந்தே வரவேண்டும். விரைவாகத் தட்டெழுதும் திறமைக்கு முன்போல் விலையில்லை. 1137-ஆம் ஆண்டுக் கும்பப்பூவைப் பற்றி அத்தகைய பொறி ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். முந்தின ஆண்டையும் பிந்தின ஆண்டையும் கொண்டு ஓர் எண்ணைத் தயக்கமின்றிச் சொல்லிற்று. நம்பத்தக்க எண்தான். களத்தில் காவலிருந்த பெண்ணை அது அறியாது.

பயணிகள் மீண்டும் வரத் தொடங்கியபின் பழைய விடுதி உரிமையாளர் என்னைத் தேடி வந்தார். பழைய வேலைக்கு நான் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் சென்று கணக்குப் பார்த்துத் தருகிறேன். சென்ற பருவத்துக்கு முன், எந்த மாதத்தில் எத்தனை அறைகள் நிரம்பும் என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்லுமாறு கேட்டார். பழைய பேரேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றினேன். 2020 மார்ச் வந்தது. என் கையெழுத்தில் வரிசையாக, ‘வரவு இல்லை’, ‘வரவு இல்லை’, ‘வரவு இல்லை’.

அவற்றைச் சுழியாகப் போட்டால், சித்திரை மாதத்தில் கன்னியாகுமரிக்கு வர ஆளில்லை என்று கணிப்பொறி கற்றுக்கொள்ளும். அழித்துவிட்டாலோ, அப்படியொரு காலம் இருந்ததே ஏட்டில் இல்லாமற் போகும். உரிமையாளர் அழித்துவிடலாம் என்றார். நான் வரவுப் பத்தியில் அந்த நாட்களை வெறுமையாக விட்டு, அருகே புதிதாக ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு தேதிக்கும் நேராக ‘ஊரடங்கு, கதவு அடைப்பு’ என்று எழுதினேன். எழுதி முடிக்க அன்று இரவு ஒன்பது மணியாயிற்று. சன்னலுக்கு வெளியே சமையற்கட்டில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வடநாட்டிலிருந்து நாற்பது பேர் வந்திறங்கியிருந்தனர்.